ஏறிப் பறப்பது எப்படி: பழனி மலையிலும் நீலகிரியிலும் ஹைக் அண்ட் ஃப்ளை முழுமையான வழிகாட்டி

பாராகிளைடர் இறக்கையை முதுகில் சுமந்து மலையேறி, உச்சியில் விரித்து, அடிவாரத்தில் இறங்குவதுதான் ஹைக் அண்ட் ஃப்ளை. பாராகிளைடிங் பள்ளியில் டேக்-ஆஃப் இடத்தைப் பயிற்றுநர் பார்த்து வைத்திருப்பார், இறங்குமிடத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை கட்டியிருக்கும், வயர்லெஸ்ஸில் ஒரு குரல் கூடவே வரும். இங்கே அந்த மூன்றும் இல்லை. அதனால் காம்ஷேத், பீர், வாகமண் போன்ற இடங்களில் முறையாகப் பயின்று, குறைந்தது பி3 என்ற மூன்றாம் நிலைப் பயிற்சி முடித்து, காற்றே இல்லாத காலையிலும் முன்னோக்கி ஓடிப் பிசகாமல் கிளம்பத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இந்த வழிகாட்டி. இதைப் படித்து யாரும் பறக்கக் கற்றுக்கொள்ள முடியாது.

இறங்குமிடத்திலிருந்து தொடங்குங்கள்

உச்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டு எங்கே இறங்கலாம் என்று தேடுவது தலைகீழ் வேலை. நம் மலைகளில் டேக்-ஆஃபுக்கு ஏற்ற புல்சரிவு எத்தனையோ உண்டு. கீழே பத்திரமாக இறங்க இடம்தான் அரிது.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் தெற்கு விளிம்பை எடுத்துக்கொள்வோம். வட்டக்கானல் பக்கம் விளிம்பு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். பெரியகுளம் சமவெளி சுமார் 300 மீட்டர். உயர வித்தியாசம் 1,800 மீட்டர். பாதுகாப்புத் தரத்தில் ஏ அல்லது பி வகையான சாதாரண இறக்கை அசையாத காற்றில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு மீட்டர் முன்னே போகும். அந்தக் கணக்கில் 14 கி.மீ. வரும், பெரியகுளம் நேர்க்கோட்டில் 12, 13 கி.மீ.தான், எட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் போகும் இறக்கைக்கு எதிரே 20 கி.மீ. காற்று வந்தால் தரை வேகம் 18 ஆகிவிடும், எட்டுக்கு ஒன்று என்பது நாலுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடும். அப்போது எட்டும் தூரம் சுமார் 7 கி.மீ. அது மலையடிவாரக் காட்டின் ஓரம்தான்.

ஆகவே திட்டம் போடும்போது எப்போதும் நாலுக்கு ஒன்று என்றே கணக்கிடுங்கள். ஒரே அடுக்குத் துணியாலான ஒற்றைத் துணி இறக்கை என்றால் மூன்றுக்கு ஒன்று. அந்த வட்டத்துக்குள் நல்ல வயல் இல்லையென்றால் அந்த உச்சி பறப்பதற்கு உதவாது.

வட்டக்கானலைக் கணக்கு விளக்கத்துக்காகத்தான் சொன்னோம். அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடும் சரணாலயமும். அனுமதியில்லாமல் அங்கே இறக்கையை விரிக்கக் கூடாது.

வரைபடத்தில் வயலைக் கண்டதும் நேரில் போய் நடந்து பாருங்கள். இதை விட்டுவிட்டால் மற்ற ஏற்பாடுகளால் பயனில்லை. மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாயாகத் தெரியும் தேனி மாவட்ட விளைநிலத்தில் நாலு ஆபத்துகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, பம்புசெட் மின்கம்பி. சாலையோரக் கம்பத்திலிருந்து கிணற்று மோட்டார் அறை வரை வயலின் நடுவே குறுக்காகப் போகும். வானத்திலிருந்து கம்பி தெரியவே தெரியாது. கம்பம் மட்டும், அதுவும் அதன் நிழல் மட்டும்தான் தெரியும். எங்கே மோட்டார் அறை இருக்கிறதோ அங்கே ஒரு கம்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பங்களுக்கு இடையே எப்போதும் கம்பி உண்டு, அது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

இரண்டாவது, கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறு. பத்து மீட்டருக்கும் அகலமான வாய், சுற்றிலும் புல் மண்டியிருக்கும். இறங்கியபின் காற்று இறக்கையை இழுத்துக்கொண்டு போனால் எந்தத் திசையில் போகும் என்று பார்த்து, அந்தத் திசையில் கிணறு இல்லாத வயலையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, திராட்சைப் பந்தல். கல்தூண்களும் கம்பிகளும் தலைக்கு மேலே விரிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் மெத்தைபோல் தோன்றும். நான்காவது, தென்னந்தோப்பு. மாமரத்தில் சிக்கினால் கிளைகள் தாங்கிக்கொள்ளும். தென்னையில் பிடித்துக்கொள்ளக் கிளையே கிடையாது. மட்டையில் மாட்டிய துணி நழுவினால் நேரே தரைதான்.

அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் நெல்வயல், வற்றிய கண்மாய், மேய்ச்சல் தரிசு ஆகியவை நல்லவை. குறைந்தது 100 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் வேண்டும். முதல் வயலுக்கு மாற்றாக இன்னும் இரண்டு, அவற்றில் ஒன்று மலைக்கு இன்னும் அருகில். வயல்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: "அண்ணே, நாளைக்குக் காலையில பாராசூட்ல வந்து இந்த அறுத்த வயல்ல இறங்கிக்கலாமா?" மறுக்கிறவர்கள் குறைவு. எந்தப் பக்கம் கம்பி போகிறது, எந்த வயலுக்கு இன்று தண்ணீர் கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

நீலகிரியில் இந்தக் கேள்வி இன்னும் இறுகுகிறது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா இருக்கிறதே என்று ஆசைப்பட்டுப் பயனில்லை. வடக்கே இறங்கினால் சீகூர் பீடபூமி, முதுமலைப் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம். மேற்கே முக்கூர்த்தி தேசியப் பூங்கா. கோடநாட்டுப் பக்கம் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. இவற்றை ஒதுக்கினால் மிஞ்சுவது பீடபூமிக்குள்ளேயே 200, 300 மீட்டர் இறங்கும் குறும்பறப்பு: ஒரு புல்மேட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களைக் கடந்து ஏதாவது ஒரு ஹட்டியின் (படுகர் ஊர்) விளையாட்டுத் திடலுக்கு. தேயிலைச் செடிமேல் இறங்கலாம் என்று எண்ண வேண்டாம். கவாத்து செய்த கிளைகள் ஈட்டிமாதிரி நிற்கும், இறக்கையைத் தாங்கும் கயிறுகளான லைன்களை அறுக்கும். நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள் 20 மீட்டருக்கு மேல் நிற்கும்.

அனுமதி

கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. பழனி மலையின் பரந்த காட்டுப்பகுதி அதற்குள் வருகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அங்கீகரித்த தடங்களிலேயே, வழிகாட்டியுடன் நடக்க வேண்டும். மலையேற்ற அனுமதி வேறு, பறக்கும் அனுமதி வேறு. மாவட்ட வன அலுவலரிடம் ஏறும் தடம், விரிக்கும் இடம், இறங்கும் வயல் மூன்றையும் வரைபடத்தோடு எழுத்தில் கொடுங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சேர வேண்டும். கோவைப் பக்கம் பயணிகள் விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும், பழனி மலைக்குத் தென்கிழக்கே மதுரை விமான நிலையமும் இருப்பதால் வான்வெளி பற்றியும் எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகே நாள் குறியுங்கள். எஸ்டேட் நிலம் என்றால் மேலாளரின் ஒப்புதல் தனி.

வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் உள்ளது. சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசெஞ்சர் எதையும் கொண்டுவராதீர்கள். வெளிநாட்டு வழிகாட்டிகளில் அது கட்டாயப் பொருளாக இருக்கும். இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருந்தால் வழக்கு.

பருவமும் காற்றும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. பாலக்காட்டுக் கணவாயிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் அது வீசும் வேகத்தில் இறக்கையைத் தூக்கவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியும் பிப்ரவரி முற்பகுதியும்தான் நமக்குக் கிடைக்கும் காலம். அதன்பின் புல் காய்ந்து தீ அபாயம் ஏறும். வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைக்கும். அந்த உத்தரவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். காய்ந்த போதைப்புல் என்ற மலைப்புல்லில் தீப்பிடித்தால் சரிவில் மேலேறும் தீயை மனிதனால் ஓடி ஜெயிக்க முடியாது.

ஜனவரியிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்த வழிகாட்டியில் ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படிப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பழனி மலை கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. ஜனவரியில் பொதுவான காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்படியானால் பெரியகுளத்தைப் பார்த்த தெற்குச் சரிவு காற்றின் மறைவுப் பக்கம். காலை ஒன்பது மணிக்குத் தெற்குப் பாறைகள் வெயிலில் சூடேறியதும் சரிவை ஒட்டி இளங்காற்று மேலேறத் தொடங்கும். டேக்-ஆஃபில் நிற்கிறவருக்கு முகத்தில் மணிக்கு 8 கி.மீ. இதமான எதிர்க்காற்று. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் 50 மீட்டர் மேலே வடகிழக்குக் காற்று முகட்டைத் தாண்டிக் கீழே புரண்டுகொண்டிருக்கும். கிளம்பிய அரை நிமிடத்தில் அந்தச் சுழலுக்குள் நுழைந்தால் இறக்கை மடியும், மீட்க உயரமும் இருக்காது.

கண்டுபிடிக்க மூன்று ரிப்பன் போதும். ஒன்று விரிக்கும் இடத்தில், ஒன்று 20 மீட்டர் கீழே, ஒன்று பின்னால் முகட்டின் உச்சந்தலையில். முதல் இரண்டும் மேல்நோக்கியும் மூன்றாவது எதிர்த்திசையிலும் ஆடினால் அன்று பறப்பு இல்லை. மேகத்தையும் பாருங்கள். தலைக்குமேல் போகும் மேகத் துணுக்கு உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் அதுவும் அதே சேதிதான். வடகிழக்கு இறுகியிருக்கும் நாட்களில் பழனி ஊர்ப் பக்கம் பார்த்த வடக்குச் சரிவுகளை யோசிக்கலாம். அங்கே காற்று முகத்துக்கு நேராக வரும். தெற்குப் பக்கம் முகட்டு உயரத்தில் காற்றே இல்லாத நாளில் மட்டும்.

எடையும் கருவியும்

70 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சுமை ஏறக்குறைய இப்படி வரும்: இலகு வகை இரட்டைத் துணி இறக்கை 3.5 கிலோ, ஏர்பேக் உள்ள மடித்துப் பையாகும் ஹார்னஸ் (பறப்பவர் உட்காரும் பட்டை இருக்கை) 2, ரிசர்வ் பாராசூட் 1.2, ஹெல்மெட் 0.4, வேரியோ (ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும் கருவி), வாக்கி-டாக்கி, போன் சேர்ந்து 0.5, காற்றுத்தடுப்புச் சட்டையும் கையுறையும் 0.8, தண்ணீர் 3, முதலுதவி 0.4, மற்றவை 0.7. மொத்தம் 12.5 கிலோ. உடையும் காலணியும் சேர்த்தால் பறக்கும் எடை 84, 85. இறக்கையின் எடை வரம்பு 75–95 என்றால் நடுவில் நிற்கிறீர்கள், சரி.

200 கிராமுக்குக் கயிற்று ஹார்னஸ் கிடைக்கிறது, ரிசர்வும் வேண்டாம் என்று ஆல்ப்ஸ் காணொளிகளைப் பார்த்துச் செய்ய வேண்டாம். அங்கே ஹெலிகாப்டர் மீட்பு உண்டு. இங்கே உங்களைத் தூளி கட்டித் தூக்கிவர ஆறு பேர் ஆறு மணி நேரம் நடக்க வேண்டும்.

'மற்றவை' என்று சொன்ன 0.7இல் கட்டாயம் இருக்க வேண்டியவை: விசில், சிறு கத்தி, 30 மீட்டர் மெல்லிய நூல் கயிறு, உடலை மரத்தோடு கட்டிக்கொள்ள ஒரு பட்டைக் கயிறு. மரத்தில் தொங்கும்போது நூலைக் கீழே விட்டால் வந்தவர்கள் அதில் தடிக்கயிற்றைக் கட்டுவார்கள், நீங்கள் இழுத்துக்கொள்ளலாம். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இரண்டு மலைகளிலும் தடை.

ஏற்றம்

காலை பத்து மணிக்குள் காற்றில் இருக்க வேண்டும். பதினொன்றுக்குமேல் தெர்மல் என்ற மேலெழும் வெப்பக் காற்று முரடாகும், விளிம்பை ஒட்டி மேகம் கட்டும். ஜனவரியில் வெளிச்சம் வர ஆறரை ஆகும். அதற்குமுன் காட்டுப் பாதையில் நடப்பது காட்டுமாட்டின் கொம்பில் போய் முட்டுவதற்கு வழி. சுமையோடு ஒரு மணி நேரத்துக்கு 350 மீட்டர் உயரம் ஏறலாம். ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் உச்சி என்றால் 600 மீட்டர் ஏற்றமே எல்லை. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக மேலே ஏறிப் பறப்பது கேட்க அழகாக இருந்தாலும் உச்சி வரும்போது நண்பகல் கடந்துவிடும். முந்தைய நாளே ஏறி மலைமேலுள்ள ஊரில் தங்குங்கள், அல்லது சாலை போகும் உயரம் வரை பேருந்தில் போய்க் கடைசிப் பகுதியை மட்டும் நடங்கள். வெள்ளகவியில் ஊருக்குள் செருப்பணியும் வழக்கம் இல்லை. எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். வியர்வையோடு மூச்சிரைக்க நிற்கிறவர் சோதனைகளை அவசரமாக முடித்துவிடுவார்.

உச்சியில்

வந்ததும் பையைத் திறக்காதீர்கள். ரிப்பன்களைக் கட்டிவிட்டு 15 நிமிடம் காற்றைப் பாருங்கள். முன்னோக்கி ஓடிக் கிளம்பக் காற்று மணிக்கு 10 கி.மீ. வரை, இறக்கையைப் பார்த்துத் திரும்பி நின்று தூக்க 10 முதல் 20 வரை. 20க்குமேல், அல்லது வீச்சுக்கும் தணிவுக்கும் 8 கி.மீ.க்குமேல் வித்தியாசம் என்றால் நடந்தே இறங்குங்கள். இறங்கும் வயல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அப்படித்தான். கொடைக்கானல் விளிம்பில் கீழிருந்து மஞ்சு எழும்பினால் அரை மணியில் சமவெளி முழுக்க மூடிவிடும். மேகத்துக்குள் போனால் பாறை எந்தப் பக்கம் என்றே தெரியாது.

சோலை இருக்கும் மடிப்பை விட்டு, புல் போர்த்திய முதுகைத் தேர்ந்தெடுங்கள். மடிப்பில் குளிர்காற்று கீழே வழிந்துகொண்டிருக்கும். 20 முதல் 30 டிகிரி சரிவு, 20 மீட்டர் ஓட்டம், அதன்பின் தடையில்லாத இறக்கம். 2,200 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. கடல்மட்டத்தில் ஓடுவதைவிட 10 சதவீதத்துக்குமேல் அதிக வேகத்தில் ஓட வேண்டும். வாகமணில் போதுமான ஓட்டம் இங்கே போதாது.

பனி ஈரத்தில் இறக்கையை விரிக்காதீர்கள். நனைந்த துணி கனத்து, வடிவம் குலைந்து, முன்னே போகாமல் செங்குத்தாக அமிழும் நிலைக்குப் போகக்கூடும். புல்லைக் கையால் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் வெயில் ஏறட்டும். குறிஞ்சிப் புதர்மேலும் விரிக்க வேண்டாம். அடுத்த பெரும் பூப்பு 2030இல். அதுவரை வளர வேண்டிய தண்டுகள் அவை, லைனையும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பிறகு வரிசையாக:

1. இறக்கையை வில்போல் வளைத்து, நடுப்பகுதி சற்று மேலே இருக்கும்படி விரியுங்கள். ஒவ்வொரு லைன் கொத்தையும் கையில் உயர்த்திப் புல்முடிச்சிலிருந்து விடுவியுங்கள்.
2. ஹார்னஸ்: முதலில் கால் பட்டைகள், பிறகு மார்புப் பட்டை. ஹெல்மெட்டை அதற்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். கால் பட்டை மாட்டாமல் கிளம்பியவர் கைகளால் தொங்க நேரிடும். கொல்லும் தவறு இது.
3. ரிசர்வ் ஊசி உள்ளே இருக்கிறதா, கைப்பிடி எட்டுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.
4. கராபினர் (ஹார்னஸையும் இறக்கையையும் இணைக்கும் உலோகக் கொக்கி) இரண்டும் பூட்டியிருக்கின்றனவா, ரைசர் (லைன்கள் வந்து சேரும் பட்டை) முறுக்கில்லையா, இறக்கையின் பின்விளிம்பை இழுக்கும் பிரேக் லைன் தாராளமாக ஓடுகிறதா.
5. ஓட்டப் பாதையில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு வெள்ளைக் கல்லை வையுங்கள். அந்தக் கல்லுக்குள் இறக்கை தலைக்குமேல் நேராக நிற்காவிட்டால் இரு பிரேக்கையும் முழுதாக இழுத்து நின்றுவிட வேண்டும். ஓடும்போது முடிவெடுக்க மனம் ஒத்துழைக்காது; கல்தான் முடிவெடுக்கும்.
6. முன்விளிம்பு லைன்கள் சேரும் ஏ ரைசர்கள் கையில், கைகள் பின்னே தாழ்ந்து, சீராக வேகம் கூட்டி நடையிலிருந்து ஓட்டத்துக்கு. கைகள் இறக்கையோடு சேர்ந்து எழட்டும். இழுத்தால் முன்விளிம்பு மடியும்.
7. தலைக்குமேல் வந்ததும் ஏ-வை விட்டு, பிரேக்கால் ஒரு தொடுகை. அண்ணாந்து பாருங்கள். ஒருபக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கமே ஓடி அதன் அடியில் போங்கள்.
8. உடலை முன்சாய்த்து நீண்ட எட்டுகளாக ஓடுங்கள். கால் தரையை விட்டபின்னும் ஓடும் நிலையிலேயே இருங்கள். டேக்-ஆஃப் விபத்துகளில் பழகிப்போன ஒன்று, காற்றில் ஏறிவிட்டோம் என்று குதித்து உட்காருவது. இறக்கை எடையை ஏற்குமுன் உட்கார்ந்தால் சரிவிலேயே முட்டுவீர்கள்.

காற்றில்

சரிவிலிருந்து நேராக வெளியே போங்கள். முழுதாக விலகியபிறகே ஹார்னஸில் உட்காருங்கள். எந்தத் திருப்பமும் மலைக்கு எதிர்ப்பக்கமே. செங்குத்துப் பாறை முகங்களை 200 மீட்டருக்கு நெருங்காதீர்கள். நீலகிரிப் பாறைகளில் மலைத்தேனீ கூட்டம் கூட்டமாகத் தொங்கும். கலைந்தால் காற்றிலேயே துரத்தும், பிரேக்கை விட்டுவிட்டு விரட்ட உங்களுக்குக் கை கிடையாது.

1,800 மீட்டர் இறங்க 20 முதல் 25 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு சோதனைப்புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்: சமவெளிக்கு முந்தைய கடைசி மலைமுதுகு. அதைக் கடக்கும்போது மரங்களுக்கு மேலே 300 மீட்டர் இல்லையென்றால் முதல் வயலை மறந்து அருகிலுள்ள மாற்று வயலுக்குத் திரும்புங்கள். கண்ணளவும் உதவும். நிலையாகப் பறக்கும்போது ஒரு வயல் பார்வையில் மேலேறிக்கொண்டே போனால் அது எட்டாது. கீழிறங்கிக்கொண்டே வந்தால் எட்டும்.

ஒருபக்கம் மடிந்தால்: முதலில் திறந்த பக்கம் உடலைச் சாய்த்துத் திசையைக் காப்பாற்றுங்கள், பிறகு மடிந்த பக்கப் பிரேக்கை ஒருமுறை ஆழமாக இழுத்து விடுங்கள். திசை கையை மீறிச் சுழலத் தொடங்கி, தரை நெருங்கினால் யோசிக்காமல் ரிசர்வை எறியுங்கள்.

இறக்கம்

வயலுக்குமேல் 150 மீட்டர் மிச்சமிருக்கும்படி வந்து சேருங்கள். தென்னை மட்டை எந்தப் பக்கம் வளைகிறது, செங்கல் சூளைப் புகை எப்படிச் சாய்கிறது என்று பார்த்தால் காற்றின் திசை தெரியும். வயலில் காற்று கடந்து வெளியேறும் ஓரத்தில் எட்டுப் போட்டு உயரத்தைக் கரைத்து, 30 மீட்டரில் காற்றுக்கு நேராகத் திரும்பி, அதன்பின் எந்தத் திருப்பமும் செய்யாதீர்கள். கால்களை 20 மீட்டரிலேயே கீழே இறக்கி, ஒரு ஆள் உயரத்தில் பிரேக்கைச் சீராக முழுதும் இழுங்கள். அதற்குமுன் இழுத்தால் இறக்கை காற்றில் நின்றுபோய் விழுவீர்கள்.

வயல் தப்பிப்போனால் மாமரமோ வேலியோ சேற்றுவயலோ எதுவானாலும் மின்கம்பியைவிட மேல். மரத்தில் விழுவது உறுதியானால் கால்களைச் சேர்த்து, மரத்தின் நடுவை நோக்கியே போங்கள். ஓரத்தில் உரசினால் துணி மடிந்து கீழே விழ நேரும். மாட்டியபின் கழற்றிக்கொண்டு குதிக்க வேண்டாம். பட்டைக் கயிற்றால் கிளையோடு கட்டிக்கொண்டு விசில் அடியுங்கள். இறக்கை கம்பியில் தொங்கினால் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும்வரை யாரையும் தொட விடாதீர்கள். ஊர்ப்பிள்ளைகள் உதவிக்கு ஓடி வருவார்கள், அவர்களை முதலில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அடிபட்டால் 108. பெரியகுளத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. முதுகெலும்பில் வலி என்றால் எழுந்து உட்காராமல் படுத்தபடியே காத்திருங்கள்.

இறங்கிய பின்

இறக்கையை உடனே வயலை விட்டு வரப்புக்கு எடுத்துப் போங்கள். அந்த வயலைப் பார்த்தபடி யாராவது இன்னொருவர் மேலே காத்திருக்கலாம். வாக்கி-டாக்கியில் சேதி சொல்லி, வன அலுவலகத்துக்கும் வழிகாட்டிக்கும் போன் செய்யுங்கள். இல்லையென்றால் உங்களைத் தேடி ஒரு குழு காட்டுக்குள் இறங்கிவிடும். மடிக்கும்போது லைன்களில் சீமைக் கருவேல முள்ளும் உண்ணிச்செடிக் கிளையும் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து அங்கேயே போட்டுவிடுங்கள், விதை மலைக்கு ஏறக் கூடாது. வீட்டுக்கு வந்து நிழலில் விரித்து இரண்டு நாள் காயவையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பார்த்தால் முள்குத்திய துளைகள் தெரியும்: தையலிலிருந்து தள்ளி, விரல்நகம் அளவுக்குள் இருந்தால் இருபுறமும் கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் ஒட்டுத்துணி போதும், தையலோரமோ லைன் சேரும் இடமோ என்றால் பழுதுபார்ப்பவரிடம் போய் வந்த பிறகுதான் அடுத்த ஏற்றம்.